கிராம்பின் மேல் விழாத பழி

எங்கள் வெட்டே ஊரில் ரையா அக்காவின் கைகளைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணக் காலம் வந்தால் போதும், அவை மணிக்கட்டு வரை சிவந்து, தடித்து, வெடித்து, மீன் செதில் மாதிரி உரியத் தொடங்கிவிடும். அந்தக் கைகளுக்காக அவள் குற்றம் சாட்டாத ஆளும் பொருளும் பெம்பா தீவில் இல்லை. பேய்க்கணவாய் தின்றதால்தான் என்றாள், அதை விட்டாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி பேய்க்கணவாயை விடுவது லேசான காரியமில்லை, அதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும். மாம்பழம் என்றாள், அதையும் விட்டாள். கிணற்றுத் தண்ணீர் என்றாள், பக்கத்து வீட்டு ஆட்டு மயிர் என்றாள், என் கடையில் வாங்கிய துணி சோப்பு என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். அந்த மாதம் எனக்குச் சோப்பு வியாபாரம் படுத்துவிட்டது.

இத்தனை பேரைப் பிடித்து விசாரித்தாலும் தீர்ப்பு மட்டும் எப்போதும் ஒரே வாசலில்தான் போய் நிற்கும். "எல்லாம் சலாமா கண்ணு பட்டதுதான்" என்பாள். சலாமா அக்கா அவளுக்கு நாத்தனார். ரையா அக்காவின் கணவர் மக்காமே அண்ணனுக்கு ஒரே தங்கை. வீடு இரண்டு தெரு தள்ளி, மசூதிக்குப் பின்னால். நாத்தனாரும் அண்ணியும் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சலாமா அக்காவின் மகன் நாசோர் பிறப்பதற்கு முன்பே பேச்சு நின்றுபோயிற்று. இப்போது அவன் சாக்கே ஊருக்கு மினி பஸ் ஓட்டுகிறான்.

சின்ன வயதில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ரையா அக்காவைத் தன் அண்ணனுக்குக் கட்டி வைத்ததே சலாமா அக்காதான். கல்யாணத்துக்கு முந்தின நாள், வழக்கப்படி பெண்ணை ஒரு வாரம் உள்ளே உட்கார வைத்து மணக்க மணக்க எல்லாம் பூசித் தேய்த்து முடித்த பிறகு, சலாமா அக்கா ஓடி வந்து முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்து, "என்னடி இவ்வளவு அழகா இருக்கே" என்றாள். சொன்னவள் அதோடு, கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லா என்ற வார்த்தையைச் சேர்க்க மறந்துவிட்டாளாம். மறுநாள் விடிந்தபோது மணப்பெண்ணின் முகம் பலாப்பழம் மாதிரி வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. மக்காமே அண்ணன் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, பெண்ணை மாற்றிவிட்டார்களோ என்று மாமனாரிடம் போய் மெதுவாகக் கேட்டாராம். கல்யாண விருந்து முடிவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: சலாமா கண்ணு பொல்லாத கண்ணு.

அந்த அவமானத்தை ரையா அக்கா சும்மா விடவில்லை. தன் கல்யாணத்தில் போன மானத்தை மற்றவர்கள் கல்யாணத்தில் மீட்பது என்று தீர்மானித்தாள். மணப்பெண்ணைத் தயார் செய்கிற தொழிலைக் கற்றுக்கொண்டாள். கிராம்பு, சந்தனம், மல்லிகை, லாங்கிலாங்கிப் பூ, பன்னீர் எல்லாம் சேர்த்து இடித்துக் குழைத்து உடம்பு முழுக்கத் தேய்க்கும் கலவையை நாங்கள் சிங்கோ என்போம். ரையா அக்காவின் சிங்கோ மூன்று தெரு தள்ளியே மணக்கும். காரணம், மற்றவர்கள் போடுவதைப் போல இரண்டு மடங்கு கிராம்பு போடுவாள். கிராம்புப் புகை திருஷ்டி போக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். புகையே போக்குமென்றால் கிராம்பையே தேய்த்தால் எந்தக் கண் கிட்டே வரும் என்பது அவள் கட்சி. பெண்கள் எரிகிறது என்று முனகினால், "எரியட்டும், உள்ளே போகுதுன்னு அர்த்தம்" என்று இன்னும் ஒரு பிடி அள்ளித் தேய்ப்பாள்.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோல் பளபளவென்று, மணக்க மணக்கப் போய்ப் புருஷன் வீட்டில் உட்கார்ந்தார்கள். எப்போதாவது ஒருத்திக்குக் கழுத்தில் தடிப்பு வந்தால், அதற்கும் ஒரு கண் கிடைத்துவிடும். ரையா அக்காவின் நியாயத்தை உடைப்பதும் சுலபமில்லை. கை எப்போது வெடிக்கிறது? கல்யாணக் காலத்தில். ஊர்க் கண்ணெல்லாம் ஒன்றுகூடுவது எப்போது? கல்யாணக் காலத்தில். அதே காலத்தில்தான் அவள் கை உரலிலும் கிராம்பிலும் கிடக்கிறது என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே கிராம்பு காய்ந்தால்தான் எங்களுக்குச் சோறு, கிராம்பு விற்றால்தான் கல்யாணம், பல்வலிக்குக் கிராம்பு, பிள்ளை பெற்றவளுக்குக் கிராம்பு. அதைச் சந்தேகப்படுவது பெற்ற தாயைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். தவிர, தோல் உடனே கோபித்துக்கொள்வதும் இல்லை. இன்றைக்குத் தொட்டதற்கு நாளையோ மறுநாளோதான் வெடிக்கிறது. அதற்குள் ஆள் நாலு வேளை சாப்பிட்டு, நாற்பது பேரைப் பார்த்திருப்பாள். பழி போட ஆளுக்கா பஞ்சம்?

அண்ணியும் நாத்தனாரும் பேசாமல் இருந்தார்களே தவிர, சண்டை போடாமல் இருக்கவில்லை. இங்கே பெண்கள் உடுத்தும் காங்காத் துணியில் ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும். வாயால் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரியின் வாசல் வழியே இரண்டு முறை நடந்தால் போதும், செய்தி சேர்ந்துவிடும். புதுச் சரக்கு வந்தால் ரையா அக்கா துணியின் நிறத்தைப் பார்க்க மாட்டாள், வரியைத்தான் படிப்பாள். "இன்னும் கொஞ்சம் காரமா ஒண்ணு இல்லையா ரிஸிகி?" என்று என்னைக் கேட்பாள். அவள் கட்டிக்கொண்டு போன மறுநாள் சலாமா அக்கா பதிலுக்கு ஒன்று தேடி வருவாள், ஆனால் அவள் எடுப்பது எப்போதும் சாதுவான வரியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு பேர் தயவில்தான் நான் கடைக்கு இன்னொரு அலமாரி போட்டேன். அதனால் சமாதானம் செய்துவைக்க எனக்குப் பெரிய அவசரம் இருக்கவில்லை.

அலமாரியில் காங்கா இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் முகக் கிரீம், சோப்பு, பவுடர் எல்லாம் வைத்திருப்பேன். அங்கேதான் ரையா அக்கா என் உயிரை எடுப்பாள். யாராவது ஒரு பெண் கிரீம் வாங்க வந்தால் எங்கிருந்தோ மூக்கு வியர்த்து வந்துவிடுவாள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "வாசனை இவ்வளவு தூக்குது, இது மூஞ்சிக்கா பொணத்துக்கா?" என்பாள். வாசனைத் தைலம் போட்ட சரக்கு, முகத்தை வெளுக்க வைக்கிற சரக்கு, பூசியதும் சுர்ரென்று இழுக்கிற சாராயம் கலந்த சரக்கு, எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைப்பாள். வாங்க வந்தவள் காசை மடியில் முடிந்துகொண்டு போய்விடுவாள்.

பொய் சொல்லக் கூடாது, அவள் சொன்னதில் பாதிக்கு மேல் சரிதான். தலைமுடிக்குப் போடும் கறுப்புச் சாயப் பொடியைக் குழைத்து மருதாணி மாதிரி கையில் வரைந்துகொள்கிற வழக்கம் இங்கே உண்டு, பீக்கோ என்பார்கள். ஒரு கல்யாணத்தில் பீக்கோ போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கையில் வரைந்த கொடியும் பூவும் அப்படியே கொப்புளமாக எழும்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து பீக்கோக் கிண்ணத்தை எங்கே கண்டாலும் ரையா அக்கா சாக்கடையில் கவிழ்த்துவிடுவாள். ஊரில் அவளை இரண்டு பெண்கள் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள், அவள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் ஊருக்கே போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தப் புதுச் சரக்கானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவக்காமல், அரிக்காமல், தடிக்காமல் இருந்தால் முகத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் குப்பைக்குப் போக வேண்டும். சட்டம் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பொது, அவளுடைய சிங்கோவுக்கு மட்டும் விலக்கு. ஒருமுறை நான் அதைக் கேட்டு வைத்து மாட்டிக்கொண்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிராம்புக்கே சோதனை வைப்பவள் நாளைக்குத் தாய்ப்பாலுக்கும் வைப்பாள் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என் கடைப் பக்கமே வரவில்லை. அந்த வாரம் கிரீம் நன்றாக விற்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஜோகா குண்டைத் தூக்கிப் போட்டாள். ஜோகா, ரையா அக்காவின் செத்துப்போன தங்கையின் மகள். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து வளர்த்தது ரையா அக்காதான். அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. ஜோகாவுக்குச் சாக்கேயில் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் மினி பஸ்ஸில் போய் வருவாள். எந்த பஸ்ஸில் என்று யாரும் கேட்காமல் இருந்தது தப்பாகப் போயிற்று. கட்டினால் நாசோரைத்தான் கட்டுவேன் என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

ரையா அக்கா போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் கூரை ஏறியது. ஆனால் வாழ்நாள் முழுவதும் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாத மக்காமே அண்ணன் அன்றைக்கு வாயைத் திறந்தார். பையன் தன் தங்கை மகன், நல்லவன், குடியில்லை, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் எதிர்த்துப் பேசியதிலேயே ரையா அக்கா ஆடிப்போய்விட்டாள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தாள். நிபந்தனைகளை நடு முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"பொண்ணை நான்தான் தயார் பண்ணுவேன். உங்க தங்கச்சி, நிக்காஹ் முடியற வரைக்கும் இந்த வாசல் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. அதையும் மீறி என் பொண்ணு மூஞ்சில ஒரு தடிப்பு வந்துச்சு, கல்யாணம் அன்னிக்கே நின்னுரும். சொல்லிட்டேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜோகா மட்டும் மறுநாளே என் கடைக்கு வந்தாள். கூட்டம் போகும்வரை காங்காவைப் புரட்டுவது போல நின்றிருந்துவிட்டு, தன் கழுத்தைத் திறந்து காட்டினாள். கழுத்தில் பழைய தடிப்பின் கறுப்புத் தழும்புகள் இருந்தன. சின்ன வயதிலிருந்தே பெரியம்மா சிங்கோ இடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கழுத்து அரிக்குமாம். தங்கை மகளுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தோல்.

"பெரியம்மா ஒரு வாரம் என்னை அதுல ஊற வெச்சாங்கன்னா என் மூஞ்சி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் ரிஸிகி அக்கா" என்றாள். "அது கண்ணு பட்டதுதான்னு அவங்க சத்தியம் பண்ணுவாங்க. அத்தை மேல பழி விழும். நாசோர் எனக்கில்லைன்னு ஆயிடும்."

பூசிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். சிங்கோ பூசாத பெண் பெரியம்மா வீட்டிலிருந்து போனால் பெரியம்மாவின் தொழிலே போய்விடும், அதையும் தன்னால் பார்க்க முடியாது என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்து அலமாரி வாங்கிய எனக்கு அன்றைக்குத்தான் இது விளையாட்டில்லை என்று உறைத்தது.

ஜோகா டீச்சர் அல்லவா, யோசித்து வைத்திருந்தாள். அவளை உள்ளே உட்கார வைக்கிற நாளுக்குச் சில நாள் முன்பு, நாங்கள் நாலைந்து பெண்கள் பூக்கட்ட உட்கார்ந்திருந்தபோது, எல்லார் முன்னாலும் கையை நீட்டினாள்.

"பெரியம்மா, முழங்கை உள்பக்கம், ரெண்டு நாள், தண்ணி படக் கூடாது. நீங்க போட்ட சட்டம்."

ரையா அக்காவின் கையிலிருந்த உலக்கை அந்தரத்தில் நின்றது. "அது கடைச் சரக்குக்குடி. இது நம்ம மண்ணுல வெளஞ்சது."

"பூனைக்காலியும் நம்ம மண்ணுலதான் வெளையுது. அதை எடுத்துப் பூசிப்பீங்களா?"

பூனைக்காலிக் காய் ஒரு முறை கழுத்தில் பட்டால் ஒரு நாள் முழுக்க எருமை மாதிரி சுவரில் உரசிக்கொண்டு நிற்க வேண்டும். பூக்கட்டிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு, ரையா அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. வை, என் கையிலும் வை, ஊரே பார்க்கட்டும் என்று தன் கையையும் நீட்டினாள். ஜோகா அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். எல்லாவற்றையும் கலந்து வைத்தால் யார் வம்பு செய்கிறார்கள் என்று தெரியாது, தனித்தனியாக வைப்போம் என்றாள். அதற்கும் ரையா அக்கா சரி என்றாள், ஏனென்றால் அவளுக்கு ஒருவர் மேல் ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. என் பக்கம் திரும்பி, "இவ கடைப் பன்னீர்தான். பாட்டில் பன்னீர். உள்ளே என்ன எழவு ஊத்தியிருக்கானோ" என்றாள். பன்னீர் மாட்டினால் வெட்டேயில் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான்.

ரையா அக்கா குறித்த நாளில் இரண்டு பேர் முழங்கையிலும் வைத்தோம்: சந்தனம் ஒரு பொட்டு, மல்லிகை ஒரு பொட்டு, லாங்கிலாங்கி ஒரு பொட்டு, பன்னீரில் நனைத்த பஞ்சு ஒரு துணுக்கு, கிராம்பு ஒரு பொட்டு. எது எது என்று மறக்காமலிருக்கப் பக்கத்தில் மருதாணியால் அடையாளம் வைத்தாள் ஜோகா. மேலே துணி சுற்றிக் கட்டினோம்.

இந்தச் சோதனையில் ரையா அக்கா காட்டிய கண்டிப்பை வேறு யாரும் காட்டியிருக்க முடியாது. முதலில், கண் படக் கூடாது. சலாமா அக்கா மாப்பிள்ளைக்குத் துணிமணி எடுக்கப் பக்கத்துத் தீவு உங்குஜாவுக்குப் போவதாக இருந்தாள். அவள் கப்பலேறிய பிறகுதான் பொட்டு வைக்க வேண்டும் என்று தேதியை ஒத்திப் போட்டவளே ரையா அக்காதான். மக்காமே அண்ணனைத் துறைமுகம் வரை அனுப்பி, தங்கை ஏறினாளா, கப்பல் நகர்ந்ததா, கண்ணுக்கு மறைந்ததா என்று பார்த்துவரச் சொன்னாள். பாவம் மனிதர், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு, வாயில் எதுவும் படக் கூடாது. மீன் இல்லை, பழம் இல்லை, இரண்டு நாளும் வெறும் கஞ்சியும் மரவள்ளியும்தான், மக்காமே அண்ணனுக்கும் அதேதான். துணி துவைப்பதில்லை, கிணற்றடிக்குப் போவதில்லை, ஜன்னல் சாத்தியே கிடந்தது. ஆட்டைக்கூட ஓட்டிக்கொண்டு போய் வேறு வீட்டில் கட்டினார்கள். அவள் அதுவரை பழி போட்டிருந்த ஒவ்வொருவரையும் அவளே ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

துணியைப் பிரிக்கும்போது நானும் இருந்தேன். என் பன்னீர் இருந்த இடம் குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை. சந்தனம் சும்மா இருந்தது. மல்லிகை சும்மா இருந்தது. லாங்கிலாங்கி ஜோகாவுக்கு மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. கிராம்பு வைத்த இடத்தில் இரண்டு பேர் கையிலும் காசளவுக்குத் தடித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக நீர் கோத்திருந்தது.

ரையா அக்கா அதை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, நீங்க இதை உத்துப் பாத்தீங்களா?"

"உன்னை உத்துப் பாக்க எனக்கு ஏது தைரியம்?" என்றார் அவர்.

அவள் அதோடு விட்டுவிடவில்லை. கிராம்பு குற்றவாளி இல்லை, இந்தக் கிராம்புதான் குற்றவாளி என்றாள். மக்காமே அண்ணனுடைய மரம் கிழட்டு மரம், அதற்கு ஏதோ சீக்கு என்று சொல்லி, பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதுக் கிராம்பு வாங்கிவரச் செய்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டாள். மரத்தைச் சொன்னதும் மக்காமே அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மனைவி தன்னைச் சொன்ன எதற்கும் அவர் இவ்வளவு கோபப்பட்டதில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் கிராம்பும் அவரை ஏமாற்றவில்லை. இந்த முறை தோல் இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை, மறுநாள் காலையிலேயே வெடித்துவிட்டது.

நான் போனபோது அவள் உரலின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் போனதே என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, கிராம்பு இல்லாமலும் சிங்கோ இடிக்கலாம், இடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளலாம், கிராம்பு ஒத்துப்போகிற பெண்களுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு அதையும் போடலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

"என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் அதுலயே ஊற வெச்சாங்க" என்றாள். கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அப்போ சலாமா?" என்றாள்.



சலாமா அக்கா உங்குஜாவிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், ரையா அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன், நீ பின்னால் நின்று தள்ளு என்றாள். மசூதிப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரையா அக்கா அந்தத் தெருவில் நுழைந்தால் சண்டை என்றுதான் அர்த்தம், இரண்டு பேர் விலக்குவதற்காக எழுந்தே நின்றுவிட்டார்கள்.

சலாமா அக்கா வாங்கி வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, வழக்கம் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள். கடைக்கு வந்தாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். கல்யாண வீடுகளில் சமையல்கட்டோடு சரி, பெண்ணைப் பார்க்க வர மாட்டாள். கர்வம் பிடித்தவள் என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ரையா அக்கா இரண்டு முழங்கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

"உன் கண்ணு இல்லைடி. கிராம்பு."

சலாமா அக்கா புரியாமல் நின்றாள். நான்தான் நடந்ததையெல்லாம் சொன்னேன், பொட்டு வைத்தது, கப்பல் பார்த்தது, ஆட்டை ஓட்டியது வரை. ஆடு வந்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றாள், ரையா அக்காவைப் பார்க்காமலே. "எனக்கே என் கண்ணு மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு அண்ணி. ஊரே சொல்லுதே, இல்லாமலா சொல்லுவாங்கன்னு. அன்னிக்கு மாஷா அல்லா சொன்னேனா இல்லையான்னு இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தை எதையும் நான் தூக்கினதில்லை. என் நாசோர் சின்னதுல தூங்கும்போதுகூட முழுசா நின்னு பாத்ததில்லை. ஒரு தடவை பாத்துட்டு ஓடிப் போயிருவேன்."

ரையா அக்கா எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு அவள் அழுததை நான் பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து விறுவிறுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவள் நேரே தன் வீட்டுக்குப் போய், வெளியே தலை காட்டக் கூடாத மணப்பெண்ணை, கையைப் பிடித்துத் தெரு வழியாக இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு கிழவர், பெண்ணை இப்படி வெளியே கொண்டுவரலாமா என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சலாமா அக்கா கட்டிலில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். ரையா அக்கா ஜோகாவை அவள் முன்னால் நிறுத்தி, தலையில் போட்டிருந்த துணியை எடுத்தாள்.

"பாரு."

"வேண்டாம் அண்ணி. கல்யாணம் முடியட்டும்."

"இப்போ பாரு. நாளையிலருந்து இவளுக்குச் சந்தனமும் பன்னீரும்தான். மூஞ்சில எதாவது வந்துச்சுன்னா நான் சந்தனத்தோட சண்டை போட்டுக்கிறேன்."

சலாமா அக்கா தலையை நிமிர்த்தினாள். முதலில் ஜோகாவின் கையைப் பார்த்தாள், பிறகு தோளை. முகத்துக்கு வந்ததும் கண் தானாகத் தரைக்குப் போனது. ஜோகா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் சலாமா அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் ஓயாமல் மாஷா அல்லா, மாஷா அல்லா என்று முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது.

"அதெல்லாம் சொல்லாம பாருடி" என்றாள் ரையா அக்கா.